ஏழு பேர் பல்லும் தெரியணும்

இரண்டு கையிலும் இரண்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு செவில்யா ரயில் நிலையத்தில் தமியான் நின்றிருந்தபோதுதான் அந்த ஏழு பேரும் வந்தார்கள்.

வலது கையில் இருந்தது அவனுடைய அட்டை. 'வழியனுப்பு – 7 பேர்.' இடது கையில் இருந்தது குர்ரோவின் அட்டை. 'குடும்பத்தார் – 7 பேர்.' குர்ரோ இறுதிச்சடங்கு மண்டபத்தின் வேன் டிரைவர். இறந்தவரின் உறவுக்காரர்களை ரயிலடியிலிருந்து ஏற்றிக்கொண்டு போவது அவன் வேலை. "ரெண்டே நிமிஷம் பிடி மாப்ள, வயிறு சரியில்ல" என்று அட்டையைத் திணித்துவிட்டுப் போனவன் இருபது நிமிஷமாக வரவில்லை.

தமியான் சுற்றுலா வழிகாட்டி. எட்டுப் பேருக்கு மேல் போகாத சின்னக் குழுக்கள். செவில்யா, கோர்தோபா, கிரானடா என்று மூன்று நாளில் மூன்று ஊர். கொஞ்சம் கோபுரம், நிறையச் சாப்பாடு. இந்தக் குழுவைப் பற்றி முதலாளியம்மா ரெயேஸ் அனுப்பிய தகவல் ஒரே வரி: 'வழியனுப்பு, ஏழு பேர், பன்னிரண்டு மணி ரயில்.'

அதன் கூடவே ஒரு குரல் பதிவு.

"தமியான், காதைத் திறந்து வெச்சுக் கேளு. சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம புது விளம்பரப் புத்தகம் அச்சுக்குப் போகுது. அட்டைக்குப் படம் வேணும். சிரிக்கிற படம். சும்மா உதட்டை இழுத்துக்கிட்டு நிக்கிறது இல்ல, ஏழு பேர் பல்லும் தெரியணும். படம் வந்தா உன் வேலை நிரந்தரம். வரலைன்னா, என் தங்கச்சி பையன் கிதாரை வெச்சுக்கிட்டு வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கான்."

நிரந்தர வேலைக்கான காகிதம் இல்லாதவனுக்கு இந்த ஊரில் யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லை. தமியானுக்கு வயது முப்பத்து நான்கு. மாமியார் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். மனைவி போய் இரண்டு வருஷம். மாமியார் நல்லவள். அதுதான் கஷ்டம்.

அந்த ஏழு பேரும் அவன் முன்னால் வந்து நின்றார்கள். நான்கு ஆண், மூன்று பெண். மே மாதத்து வெயில் முப்பத்தாறு டிகிரியில் கொளுத்துகிறது. ஏழு பேரும் கழுத்துவரை கருப்பு.

"வழியனுப்புக்கு வந்தவங்களா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றார் முன்னால் நின்ற உயரமானவர். ப்ரிமித்திவோ என்று பெயர் சொன்னார். மீசை மட்டும் வெள்ளை.

"எந்த ஊர்லேருந்து?"

"சோரியா."

"பயணம் நல்லா இருந்துச்சா?"

ப்ரிமித்திவோ யோசித்தார். "வந்து சேந்துட்டோம்."

தமியானுக்குப் புரிந்துவிட்டது. வடக்குக்காரர்கள். அதிலும் சோரியா. வருஷத்தில் பாதி நாள் உறைபனி. குளிருக்குப் பயந்து வாயைத் திறக்காமலே வளர்ந்தவர்கள் என்று செவில்யாவில் சொல்லிச் சிரிப்பார்கள். இவர்களிடம் பல் பார்க்க வேண்டும், அதுவும் ஆறு மணிக்குள்.

குர்ரோவின் அட்டையை ஒரு தூணில் சாய்த்து வைத்துவிட்டு ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

"எல்லாரும் ஒரே இடத்துல வேலையா?" நடந்துகொண்டே கேட்டான்.

"கிட்டத்தட்ட ஒரே குடும்பம்" என்றாள் பெனித்தா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மார்போடு அணைத்துப் பிடித்த கருப்புக் கைப்பை. அதற்குள் ஏதோ கனமாக இருந்தது.

மற்றவர்கள் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். கடைசியாக வந்தவர் ஒரு வட்டத் தொப்பி போட்டிருந்தார். அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

வழியனுப்பு என்றால் இந்த ஊரில் பல அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை நண்பர்கள் இழுத்துக்கொண்டு போய் ஆடுகிற கூத்துக்கும் அதே சொல். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்குத் தருகிற விருந்துக்கும் அதே சொல். மாப்பிள்ளை மாதிரி யாரும் இந்தக் கூட்டத்தில் தெரியவில்லை. அப்படியானால் ஓய்வு. கருப்பு, விருந்துக்கென்று போட்டுவந்த நல்ல உடையாக இருக்கும்.

"யாருக்கு வழியனுப்பு?" என்று கேட்டான்.

"சத்தூரியோவுக்கு."

"அவர்கிட்ட ரெண்டு வார்த்தை..."

பெனித்தா அவன் கையைப் பிடித்தாள். "அவரை விட்டுடுங்க தம்பி. ஆர்ப்பாட்டம் அவருக்குப் பிடிக்காது. நிம்மதியா இருக்கட்டும்."

கூச்சப்படுகிறவர் போலிருக்கிறது என்று தமியானும் விட்டுவிட்டான்.

முதல் கடையில் நிற்கத்தான் இடம். கொண்டைக்கடலை போட்ட கீரை, சின்னக் கண்ணாடி டம்ளரில் பீர். சுற்றிலும் செவில்யாவே கத்திக்கொண்டிருந்தது. ஏழு பேரும் சுவரோரம் வரிசையாக நின்று, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?"

"சாப்பிடலாம்" என்றார் ப்ரிமித்திவோ.

தமியான் தன் கைவசமுள்ள நகைச்சுவைகளில் முதல் தரமானதை எடுத்தான். பத்து வருஷமாக ஒரு குழுவிலும் தோற்காதது.

"ஆத்துக்கு அக்கரை திரியானாக்காரன் ஒருத்தன் பாவமன்னிப்புக்குப் போனான். 'சாமி, ஒரு கயிறு திருடிட்டேன்'னான். 'கயிறுதானே, போ, மூணு தடவை ஜெபம் சொல்லு'ன்னாரு பாதிரியாரு. இவன் நகரல. 'இன்னும் என்னடா?'ன்னாரு. 'இல்ல சாமி, கயித்தோட அந்தப் பக்கம் ஒரு கழுதை இருந்துச்சு'ன்னான்."

பக்கத்து மேசையில் முன்பின் தெரியாத இருவர் சிரித்தார்கள். தமியான் கைப்பேசியைத் தூக்கித் தயாராகப் பிடித்தான்.

ஏழு பேரும் அவனையே பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றார் ப்ரிமித்திவோ.

"அவ்வளவுதான் ஐயா."

"கழுதைய திருப்பிக் குடுத்தானா?"

"அது... கதையில இல்ல."

"குடுத்திருக்கணும்" என்றாள் பெனித்தா. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"கயித்தையும்தான்" என்றார் ப்ரிமித்திவோ. கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க ஒவ்வொரு வார்த்தையிலயும் கடைசி எழுத்தை முழுங்கிடறீங்க. பாதிதான் எங்களுக்குப் புரியுது" என்றார்.

மணி ஒன்றரை.

குடித்தது போதவில்லை, இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்தான். இரண்டாவது கடையில் ஷெர்ரி ஒயின் ஒரு பாட்டில் வாங்கினான். கூடவே நத்தை. மே மாதத்தில் செவில்யாவே நத்தையை உறிஞ்சிக்கொண்டிருக்கும். உறிஞ்சுகிற சத்தத்துக்கே சிரிக்காதவர்கள் கிடையாது.

ஏழு பேரும் பல்குச்சியால் ஒவ்வொரு நத்தையாகச் சத்தமில்லாமல் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஓடுகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார்கள். பார்க்கக் கல்லறைத் தோட்டம் மாதிரி இருந்தது.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாழ்த்து சொல்லியிருக்கணும்" என்றாள் பெனித்தா.

"இப்பச் சொல்லுங்க" என்றான் தமியான் உற்சாகமாக. கைப்பேசி மறுபடியும் மேலே போனது.

ப்ரிமித்திவோ ஒயின் கோப்பையைத் தூக்கினார். "சத்தூரியோவுக்கு. முப்பத்தெட்டு வருஷம். ஒருத்தரைக் கடிஞ்சு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்."

"நிம்மதியா இருக்கட்டும்" என்றார்கள் மற்றவர்கள்.

பெனித்தா கைக்குட்டையை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அவளைப் பார்த்து இரண்டு ஆண்கள். தொப்பிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தமியான் எடுத்த படத்தில் ஏழு கைக்குட்டை தெரிந்தது. பல் ஒன்றுகூட இல்லை.

ஓய்வு பெறுகிறவருக்கு இவ்வளவு அழுகையா? வடக்குக்காரர்கள் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டான். ஆனால் இந்தத் தடவை அதில் முன்பிருந்த உறுதி இல்லை.

மணி மூன்றரை. ரெயேஸ் கேட்டிருந்தாள்: 'படம்?'

'வந்துக்கிட்டே இருக்கு' என்று பதில் போட்டான்.

மூன்றாவது கடை ஆற்றுக்கு அக்கரையில், திரியானாவில். அங்கே ஹர்மீனியா பாடுவாள். எழுபது வயது. அவள் குஷியான பாட்டு ஒன்றை எடுத்தால் நாற்காலிகூடக் கை தட்டும். தமியான் அவள் காதில் சொன்னான்.

"சந்தோஷமா ஒண்ணு பாடு. ரொம்ப ரொம்ப சந்தோஷமா. என் வேலையே உன் தொண்டையிலதான் இருக்கு."

ஹர்மீனியா எழுந்தாள். ஏழு கருப்பு உடைகளைப் பார்த்தாள். சிவந்த கண்களைப் பார்த்தாள். தமியானைக் கோபமாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்குத் தெரிந்ததிலேயே துக்கமான பாட்டைப் பாடினாள்.

கடைக்காரர் டிவியை அணைத்தார். பீர்க் குழாயை மூடினார். வாசலில் நின்றவர்கள் சிகரெட்டைக் கீழே போட்டார்கள். பாட்டு முடிந்தபோது ஏழு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். கடையில் பாதிப் பேரும்கூட.

கவுண்டரில் சாய்ந்திருந்த வழக்கமான ஆள் ஒருவர் வந்து ப்ரிமித்திவோவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"உங்க துக்கத்துல நானும் கூட இருக்கேன் ஐயா. மனசைத் தேத்திக்குங்க."

ப்ரிமித்திவோ ஒரு நிமிஷம் யோசித்தார். "நன்றி" என்றார்.

அந்த ஆள் ஏழு பேருக்கும் கை கொடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

"இது இந்த ஊர் வழக்கமா தம்பி?" என்று பெனித்தா மெதுவாகக் கேட்டாள்.

"குடிச்சிருக்காரு. கண்டுக்காதீங்க."

"இல்ல, மரியாதையாத்தான் இருக்கு."

ஹர்மீனியா தமியானை மூலைக்கு இழுத்தாள். "உனக்கு வெக்கமா இல்லையாடா? எழவு வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து குஷியா பாடுங்கற!"

"எழவு வீடா? இது ஓய்வு விருந்து!"

"நான் அம்பது வருஷமா ஜனங்க முகத்தைப் பாத்துப் பாடறேன். எந்த அழுகை எதுக்குன்னு எனக்கா தெரியாது?"

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. குர்ரோ.

"டேய், உண்மையைச் சொல்லு. என் ஆளுங்களை நீ ஓட்டிட்டுப் போயிட்டியா?"

"ஏன்? உனக்கு ஆள் வரலையா?"

"வந்தாங்க. அட்டை தூண்ல கிடந்துச்சு, அதுக்குப் பக்கத்துலயே ஏழு பேர் நின்னாங்க. ஏத்திக்கிட்டு வந்துட்டேன். ஆனா இவங்க வேன்ல ஏறினதுலேருந்து பாட்டுடா. கைத்தட்டு வேற. மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் 'பீர் எங்க கிடைக்கும்'னு கேட்டாங்க. பெட்டிக்கு முன்னாடி நின்னு ஒருத்தன் ஜோக் சொல்றான், மத்தவங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எனக்கு என்னமோ இது உன் கூட்டம்னு தோணுது."

தமியான் குரலைத் தாழ்த்தினான். "இறந்தவர் பேரு என்ன?"

"வண்டி ஓட்டறவனுக்கு எதுக்குடா பேரு? நாலாம் நம்பர் ஹால். அவ்வளவுதான் எனக்குச் சொன்னது."

"அவங்களையே கேளேன்."

"கேட்டேன். 'அதெல்லாம் அப்புறம், நீயும் ஒண்ணு குடி'ங்கறாங்க. இரு, படம் அனுப்பறேன், நீயே பாரு."

படம் வந்தது. ஏழு பேர். தோளில் தோள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரே வெள்ளைப் பூ. பல்லை எண்ணக்கூட வேண்டாம். மதியத்திலிருந்து அவன் தேடி அலைந்த படம் அது.

இதுதான் அவனுடைய குழு. அப்படியானால், இவர்கள்?

திரும்பினான். பெனித்தா கைப்பையைத் திறந்து, உள்ளே கனமாக இருந்ததை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பித்தளைப் பலகை. மேலே ஓர் ஊதுகொம்பு செதுக்கியிருந்தது. கடைசி நாளில் தேவதைகள் ஊதுவது. அதற்குக் கீழே எழுத்து:

'சத்தூரியோ. 1986 – 2024. உன் தோழர்கள் உன்னை ஒருபோதும் மறக்கமாட்டார்கள்.'

தமியான் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டே வயது. தன்னைவிட நாலு வயசுதான் பெரியவன்.

முப்பத்தெட்டு வருஷம், ஒருத்தரைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனிமேலாவது நிம்மதியாக இருக்கட்டும்.

கண்ணை மூடினான். அவர்களுக்குக் கழுதைக் கதை சொல்லியிருக்கிறான். நத்தை உறிஞ்சச் சொல்லியிருக்கிறான். அவர்கள் மரியாதைக்காக ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே வந்திருக்கிறார்கள். நாலரை மணி நேரம்.

அந்த மண்டபம் அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் நம்பர் ஹாலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். குர்ரோ பழக்கமானதும் அங்கேதான். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவன் நினைப்பதில்லை. ஆனால் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் குர்ரோ அனுப்பிய படத்தை ரெயேஸுக்குத் தள்ளினான். 'இதுதான் குழு. ஏழு பேர்.' பொய் எதுவும் எழுதவில்லை.

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. 'பிரமாதம்!!! இப்படி ஒரு படம் இந்த ஆபீஸ் பாத்ததே இல்ல. அச்சுக்கு அனுப்பிட்டேன். நீ நிரந்தரம். அந்தப் பூ அலங்காரம் எந்தக் கடை? கோர்தோபாவிலயும் அதே மாதிரி ஒண்ணு பிடி.'

தமியானுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. ஏழு பேரிடமும் போனான்.

"ஒரு இடத்துக்குப் போகணும். முதல்லயே கூட்டிட்டுப் போயிருக்கணும். என் தப்பு."

"நீங்க சொன்னா சரி" என்றார் ப்ரிமித்திவோ.

இரண்டு டாக்ஸி பிடித்தான். முதல் வண்டியில் அவன் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் ப்ரிமித்திவோ, பெனித்தா, நடுவில் தொப்பிக்காரர். பாலம் தாண்டியதும் தொப்பிக்காரரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்து விசும்பல் மாதிரி ஒரு சத்தம் கசிந்தது.

பெனித்தா அவர் முதுகைத் தட்டினாள். "போதும், போதும். வெளி ஊர்ல இருக்கோம். அடக்கிக்குங்க."

"கழுதை" என்று கைக்குட்டைக்குள் முனகினார் அவர்.

தன்னைத்தான் சொல்கிறார் என்று தமியானுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். சொல்லட்டும்.

மண்டபத்து வாசலில் குர்ரோ நின்றிருந்தான். ஏழு கருப்பு உடைகளைப் பார்த்ததும் சிகரெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் எழவு வீடு மாதிரி இருக்கு" என்று தமியானின் காதில் சொன்னான்.

பெனித்தா கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். "இதுவும் நிகழ்ச்சியில உண்டா தம்பி?"

துக்கத்தில் மூளை மரத்துப்போகும். சாவு வீட்டில் நின்றுகொண்டு, காரை எங்கே நிறுத்தினோம் என்று யோசித்தவன்தான் அவனும்.

"உண்டும்மா" என்றான் மெதுவாக. "வாங்க."

நாலாம் நம்பர் ஹாலுக்கு வெளியே வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்ததும் அடங்கியது. படத்தில் இருந்த அதே ஏழு பேர், கையில் பிளாஸ்டிக் டம்ளரோடு, வந்தவர்களைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள்.

சோரியாக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். வருகைப் புத்தகத்தில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் வரிசையில் நின்று, அந்தப் பக்கம் மூடியிருந்த பெட்டியைப் பார்த்தார்கள். சிலுவைக்குறி போட்டார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். யாரும் கதறவில்லை. தமியான் எதிர்பார்க்கவும் இல்லை. அவனும் அன்றைக்குக் கதறவில்லை.

அவன் அவர்களுக்கு முன்னால் போய் நின்றான். பத்து வருஷமாகக் குழுக்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவன். இன்று கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

"என்னை மன்னிச்சுடுங்க. இன்னிக்கு இங்கதான் நீங்க முதல்ல வந்திருக்கணும். நான் உங்களைக் கடை கடையா இழுத்துட்டேன். சிரிங்க சிரிங்கன்னு பிடுங்கினேன். எனக்கு ஒரு படம் வேணும்னு. நீங்க ஒரு வார்த்தை கோவிச்சுக்கல." பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இப்படி ஒரு நாள்ல ஒருத்தன் வந்து எனக்குக் கழுதைக் கதை சொல்லியிருந்தா அவனை நான் அடிச்சிருப்பேன். உங்களுக்குப் பெரிய மனசு. இனி நான் போறேன். நீங்க அவர்கூட இருங்க."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து ஒரு பருமனான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தமியானை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். படத்தில் நடுவில் நின்று எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள்.

"எவ்வளவு அழகா பேசினீங்க! நீங்கள்லாம் எங்க பேப்பேவுக்குச் சிநேகிதங்களா? காதிஸ்லேருந்து நாங்க ஏழு பேர்தான் வந்திருக்கோம், இங்க அவருக்கு யாருமே இல்லையோன்னு நெனச்சேன்."

"பேப்பேவா?" தமியான் அவள் பிடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். "சத்தூரியோ இல்ல?"

"சத்தூரியோ யாரு? நாப்பத்திரண்டு வருஷம் இந்த ஆளோட ஒரே கட்டில்ல படுத்திருக்கேன், பேரு தெரியாதா எனக்கு?" பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நான் செத்தா ஒருத்தரும் அழக்கூடாது, அழுதா எழுந்து வந்து பழைய ஜோக்கையெல்லாம் மறுபடியும் சொல்லுவேன்னு மிரட்டிட்டுப் போயிருக்காரு. அந்தப் பயத்துலதான் எல்லாரும் காலையிலேருந்து சிரிச்சிக்கிட்டு இருக்கோம்."

கதவோரம் குர்ரோ இருமினான். தமியானின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். ரெயேஸ்: 'ஐயாயிரம் பிரதி அச்சாகிக்கிட்டு இருக்கு!!!'

பையில் போட்டான். சோரியாக்காரர்களைப் பார்த்துத் திரும்பினான்.

"அப்ப... உங்க சத்தூரியோ எங்க?"

மதியத்திலிருந்து கிட்டத்தட்டப் பேசாமலே வந்த தொப்பிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். காதுவரை சிவந்திருந்தார். கையில் தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"நான்தான் தம்பி சத்தூரியோ, முப்பத்தெட்டு வருஷம் அந்த ஊதுகொம்புச் சின்னம் போட்ட தபால் ஆபீஸ்ல இருந்துட்டு நேத்துதான் ஓய்வு வாங்கினேன், டாக்ஸியில அந்தக் கழுதையை நெனச்சு அவ்வளவு சத்தமா சிரிச்சிருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க, ஊர்ல நாங்க இப்படி ஆட்டம் போடற ஆளுங்க இல்ல, இன்னிக்கு ஒரு நாள்தான் கொஞ்சம் அளவு மீறிப்போச்சு."